முட்டை நாற்றத்தில் பிறந்த குகை: கார்ல்ஸ்பாட் குறிப்புகள்

"அம்மா, யாரோ அழுகின முட்டையை உடைச்சிட்டாங்க."

பின் சீட்டிலிருந்து மகள் சொன்னாள். டெக்சஸின் பேக்கோஸ் ஊரைத் தாண்டி, நியூ மெக்சிகோவை நோக்கி வடக்கே போகும் 285-ஆம் நெடுஞ்சாலையில் இருந்தோம். இரண்டு பக்கமும் வெட்டவெளி. அதில் தலையாட்டிக்கொண்டே இருக்கும் எண்ணெய் பம்புகள், நடுநடுவே வானத்தைப் பார்த்து எரியும் வாயுத் தீ. முன்னால் டேங்கர் லாரி, பின்னாலும் டேங்கர் லாரி. அவள் சொன்ன நாற்றம் எனக்கும் வந்தது. கண்ணாடியை ஏற்றச் சொன்னேன். மூன்று வயது மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு "நான் இல்ல" என்றான்.

அந்த நாற்றம்தான் நாங்கள் பார்க்கப் போகும் குகையைக் குடைந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. திரும்பி வந்து படித்தபோதுதான் தெரிந்தது. போகும்போதே தெரிந்திருந்தால் அந்தச் சாலையிலேயே காரை நிறுத்திப் பாடம் எடுத்திருப்பேன், வீட்டுக்காரரும் பிள்ளைகளும் என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

கார்ல்ஸ்பாட் குகைகள் தேசியப் பூங்கா நியூ மெக்சிகோவின் தென்கிழக்கு மூலையில், குவாடலூப் மலைத்தொடரில் இருக்கிறது. 1923-ல் தேசிய நினைவுச்சின்னம், 1930-ல் தேசியப் பூங்கா, 1995-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம். டல்லஸிலிருந்து சாலை வழியில் ஒரு முழுப் பகல். சிறு பிள்ளைகளோடு என்றால் பகலும் கொஞ்சம் இரவும்.

போவதா வேண்டாமா என்று மூன்று மாதம் யோசித்தோம். தூரம் காரணமில்லை, இருட்டுதான் காரணம். மகளுக்கு அப்போது ஏழு வயது. வீடு மாறியதிலிருந்து விளக்கு எரியாமல் தூங்க மாட்டாள். பாத்ரூம் போக வேண்டுமென்றால் யாராவது கூட வர வேண்டும். "வளர்ந்தா சரியாயிடும்" என்று ஊரிலிருந்து அம்மா போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். இப்படிப்பட்ட பிள்ளையை பூமிக்குக் கீழே 750 அடி கூட்டிப் போவது தைரியம் கொடுப்பதா, கொடுமைப்படுத்துவதா? எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஆனால் புத்தகத்தில் வௌவால் படத்தைப் பார்த்துவிட்டு "போலாம்"னு கேட்டவளும் அவள்தான்.

எப்படி இறங்குவது

குகைக்குள் போக இரண்டு வழி. ஒன்று லிஃப்ட். 1932-லிருந்து இருக்கிறது, சுமார் ஒரு நிமிடத்தில் 750 அடி கீழே கொண்டு போய் விட்டுவிடும். இன்னொன்று இயற்கை வாசல். அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கும் சரிவுப் பாதை ஒன்றேகால் மைல், 75 மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து நடந்து இறங்குவதற்குச் சமம்.

சிறு பிள்ளைகள் இருந்தால் லிஃப்ட்தான் என்று பலரும் சொல்வார்கள். நான் மாறுபடுகிறேன். லிஃப்ட் கதவு திறந்ததும் நேராக இருட்டு. நடந்து போனால் இருட்டு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. வாசலில் நல்ல வெயில், தலைக்கு மேல் குகைத் தகைவிலான்கள் கத்திக்கொண்டு பறக்கின்றன, வௌவால் எச்சத்தின் காட்டமான வாடை. பத்து வளைவு இறங்கியதும் வெயில் பின்னால் ஒரு பெரிய நீல ஓட்டையாகத் தெரியும். இன்னும் பத்து வளைவில் அது ஒரு தட்டு. அப்புறம் இல்லை. பிள்ளையின் கண்ணுக்கும் மனசுக்கும் இருட்டோடு பழக நேரம் கிடைக்கிறது. மகள் ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்தாள். "இன்னும் தெரியுது... இன்னும் தெரியுது..." கடைசியில் தெரியாமல் போனபோது அவள் என் கையை இறுக்கவில்லை. பக்கத்தில் 'திமிங்கில வாய்' என்று ஒரு பாறைப் படிவம் வந்துவிட்டது, அதில் கவனம் போய்விட்டது.

தள்ளுவண்டிக்கு அனுமதி இல்லை. மகன் பாதி தூரம் நடந்தான், மீதியை என் கணவரின் மார்பில் துணிப்பையில் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு மணி நேரப் பாதை என்று போட்டிருக்கிறது, எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஏறுவதற்கு லிஃப்ட். இறங்க நடை, ஏற லிஃப்ட், இதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

உள்ளே வருஷம் முழுக்க 56 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 13 டிகிரி செல்சியஸ். வெளியே ஆகஸ்ட் வெயிலில் நின்றுகொண்டு ஸ்வெட்டர் எடுத்து வைக்கச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். எடுத்து வையுங்கள். பாதை ஈரமாக இருக்கும், வழுக்காத ஷூ வேண்டும். பாத்ரூம் மேலே இருக்கிறது, அப்புறம் கீழே லிஃப்ட் பக்கத்தில்தான். நடுவில் எதுவும் இல்லை. மூன்று வயதுக்காரனை வைத்துக்கொண்டு இது சாதாரண விஷயமில்லை.

யார் தோண்டினது?

இது மகனின் கேள்வி. அவனைப் பொறுத்தவரை பள்ளம் என்றால் ஜேசிபி தோண்டியிருக்க வேண்டும். "தண்ணி தோண்டிச்சு" என்று சொல்லி வைத்தேன். அது பாதிதான் சரி.

சுமார் 26 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் கடல். அந்தக் கடலின் ஓரமாக ஒரு பாறைத்திட்டு வளர்ந்தது. இன்றைய பவளத்திட்டுகளைப் போல அதைப் பவளம் கட்டவில்லை. கடற்பஞ்சுகளும் சுண்ணாம்பைச் சுரக்கும் பாசிகளுமே முக்கியமாகக் கட்டின. கடல் வற்றியது, திட்டு புதைந்தது, பிறகு நிலம் உயர்ந்தபோது அதன் ஒரு பகுதி மலையாக வெளியே வந்தது. அதுதான் குவாடலூப் மலை. எல் பாஸோ பக்கமிருந்து வந்தால் எல் காபிடான் என்ற செங்குத்துப் பாறை தூரத்திலிருந்தே தெரியும். அது அதே திட்டின் ஒரு முனை. கடலடியை அண்ணாந்து பார்க்கிறோம்.

சுண்ணாம்புப் பாறையில் குகை உண்டாகும் வழக்கமான வழி இது: மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. சோடா தண்ணீர் மாதிரி. அது பாறையின் வெடிப்புகளில் புகுந்து மெல்ல மெல்லக் கரைக்கிறது. கென்டக்கியின் மாமத் குகை இப்படித்தான் உண்டானது. அளந்த வரையிலேயே 420 மைலுக்கு மேல் நீளம், உலகத்திலேயே மிக நீளமான குகை. தண்ணீர் ஓடி அறுத்ததால் அது நீளநீளமான சுரங்கப்பாதைகளாக இருக்கிறது.

கார்ல்ஸ்பாட் அப்படி இல்லை. உள்ளே ஆறு ஓடிய தடம் கிடையாது. சுரங்கப்பாதைக்குப் பதில் பிரம்மாண்டமான அறைகள் இருக்கின்றன. 'பெரிய அறை' என்று பெயர் வைத்திருக்கும் கூடம் மட்டும் 8.2 ஏக்கர், அதன் கூரை சில இடங்களில் 255 அடி உயரம். அதோடு, குகைக்குள் பெரிய பெரிய ஜிப்சம் கட்டிகள் கிடக்கின்றன. ஃபால்ஸ் சீலிங்குக்கும் சாக்பீஸுக்கும் பயன்படுகிற அதே ஜிப்சம். சோடா தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்தால் ஜிப்சம் வராது. அது எங்கிருந்து வந்தது?

இங்கேதான் முட்டை நாற்றம் வருகிறது. மலையை ஒட்டிய படுகையில், பூமிக்குக் கீழே எண்ணெயும் எரிவாயுவும் இருக்கின்றன. அங்குள்ள நுண்ணுயிரிகள் எண்ணெயை உணவாக்கி, கந்தகம் கலந்த கனிமங்களிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவை உண்டாக்கின. அழுகின முட்டையின் வாடை என்பதும் இந்த வாயுதான். அது வெடிப்புகள் வழியாக மேலே ஏறி, சுண்ணாம்புத் திட்டில் தேங்கியிருந்த நிலத்தடி நீரில் கலந்தது. மேலிருந்து இறங்கிய மழைநீர் ஆக்சிஜனைக் கொண்டுவந்தது. இரண்டும் சந்தித்த இடத்தில் கந்தக அமிலம் உண்டானது. பேட்டரியில் ஊற்றும் அதே அமிலம். கந்தக அமிலம் சுண்ணாம்புக்கல்லைத் தின்றால் மிச்சம் என்ன? ஜிப்சம்.

ஆக இந்தக் குகையைக் கீழிருந்து ஏறி வந்த வாயு, நின்ற இடத்தில் நின்றே தின்றிருக்கிறது. அதனால்தான் சுரங்கம் இல்லாமல் கூடங்கள். மலை உயர உயர நிலத்தடி நீர் மட்டம் இறங்கியது. தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த கூரைகள் தாங்கல் போய் இடிந்து விழுந்தன. இறங்கும் பாதையில் 'பனிப்பாறை' என்று ஒரு ஒற்றைக் கல் கிடக்கிறது, 2 லட்சம் டன் எடை. பாதை அதைச் சுற்றி வளைந்து போகிறது. "இன்னொண்ணு விழுமா?" என்று மகள் கேட்டாள். விழுந்து பல ஆயிரம் வருஷம் ஆச்சு என்றேன். அவள் கேட்டது அது இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கந்தக அமிலக் கதையை விரிவாக நிறுவியவர்களில் முக்கியமானவர் கரோல் ஹில் என்ற நிலவியலாளர். 1987-ல் கார்ல்ஸ்பாட் பற்றி அவர் எழுதிய பெரிய ஆய்வு வந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது வயது கண்டுபிடித்த விதம். குகை என்பது காலியிடம். காலியிடத்துக்கு எப்படி வயது பார்ப்பது? கந்தக அமிலம் குகையின் களிமண்ணோடு வினைபுரிந்தபோது அலுனைட் என்ற கனிமம் உண்டானது. அதில் பொட்டாசியம் இருக்கிறது. பொட்டாசியத்தின் ஒரு வகை மெதுவாக ஆர்கானாக மாறும், அந்த வேகம் தெரிந்தது. விக்டர் பாலியாக்கும் கூட இருந்தவர்களும் 1998-ல் இதை அளந்து, பெரிய அறை இருக்கும் மட்டம் சுமார் 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உண்டானது என்றும், அதே மலைத்தொடரில் உயரத்தில் உள்ள குகைகள் இன்னும் பழையவை, 1 கோடி ஆண்டுகளைத் தாண்டுபவை என்றும் காட்டினார்கள். குகை பிறந்தபோது கூடவே பிறந்த சாட்சி அந்த அலுனைட்.

பாறை 26 கோடி, காலியிடம் 40 லட்சம். உள்ளே தொங்கும் அலங்காரமெல்லாம் அதைவிட ரொம்பப் பின்னால் வந்தது.

மேல் பல், கீழ் பல்

மேலிருந்து தொங்குவது ஸ்டாலக்டைட், கீழிருந்து வளர்வது ஸ்டாலக்மைட். எங்கள் வீட்டில் இவற்றுக்கு மேல் பல், கீழ் பல் என்று பெயர். மகன் வைத்தது. அவனுக்கு முழு குகையுமே ஒரு வாய்.

இவற்றை விளக்க ஒரு நல்ல உதாரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, கரண்டியால் சுரண்டினாலும் போகாதே, அதே பொருள்தான். கரியமில வாயு கலந்த மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு குகையின் கூரைக்கு வருகிறது. சொட்டாகத் தொங்கும்போது வாயு காற்றில் பறந்துவிடுகிறது. வாயு போனால் தண்ணீரால் சுண்ணாம்பைத் தாங்க முடியாது, கூரையில் படிய வைத்துவிடுகிறது. சொட்டைச் சுற்றி மெல்லிய வளையம், அடுத்த சொட்டுக்கு இன்னொரு வளையம். முதலில் உள்ளே ஓட்டையாக உறிஞ்சுகுழல் மாதிரி வளரும். ஓட்டை அடைபட்டால் தண்ணீர் வெளிப்பக்கம் வழிந்து தடிக்கும். கீழே விழுந்த சொட்டில் மிச்சம் இருக்கும் சுண்ணாம்பு தரையில் படிந்து கீழ் பல் ஆகிறது. பாத்திரத்தில் சூடு வாயுவை விரட்டுகிறது, குகையில் அவசரமில்லை.

அலங்காரம் தொடங்கி 5 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் பெரும்பாலானவை இன்று வளரவில்லை. பனியுகத்தில் இந்தப் பகுதி ஈரமாக இருந்தது, அப்போது வளர்ந்தவை. இப்போது மேலே இருப்பது பாலைவனம். சொட்டு விழும் இடங்கள் கொஞ்சம்தான். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால் நால்வரும் நின்று எங்கே என்று தேடினோம். பெரிய அறையைச் சுற்றும் ஒன்றேகால் மைல் பாதையில் பிள்ளைகளுக்கு இதுவே விளையாட்டாகிவிட்டது.

இப்போது வெட்கப்படும் பகுதி. மகன் ஒரு கீழ் பல்லைத் தொட்டுவிட்டான். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கமே, கை எட்டும் தூரத்தில், அவன் உயரத்துக்குச் சரியாக ஒன்று இருந்தது. கீழே இறங்குவதற்கு முன் ரேஞ்சர் இரண்டு முறை சொல்லியிருந்தார். நாங்களும் சொல்லியிருந்தோம். உள்ளங்கையை முழுசாக வைத்து, "ஜில்லுன்னு இருக்கு" என்றான். தோலின் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் அந்த இடத்தில் தண்ணீர் ஒட்டாது, சுண்ணாம்பும் படியாது, நாளடைவில் கறுத்துவிடும். பாதையோரத்தில் பல கீழ் பற்கள் வழவழவென்று பழுப்பேறி இருப்பதற்கு நூறு வருஷத்துக் கைகள்தான் காரணம். அதில் என் பிள்ளையின் கையும் ஒன்று. அதன் பிறகு அவனுக்கு ஒரு வேலை கொடுத்தோம், இரண்டு கையாலும் டார்ச் பிடிப்பது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். மூன்று வயதுக்காரனிடம் "தொடாதே" என்பதைவிட "இதைப் பிடி" என்பது வேலை செய்யும்.

தின்பண்டமும் அப்படித்தான். லிஃப்ட் பக்கத்து ஓய்விடம் தவிர குகைக்குள் சாப்பிடக் கூடாது, வெறும் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். ஒரு பிஸ்கட்டில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். நாங்கள் போய் வந்த பிறகு 2024 செப்டம்பரில் பதில் வந்தது. பெரிய அறையில் யாரோ பாதைக்கு வெளியே ஒரு சீட்டோஸ் பையைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். குகையின் ஈரத்தில் சோளப்பொரி ஊறி, பூஞ்சை பிடித்து, அதைத் தேடி குகைப் பூச்சிகளும் சிலந்திகளும் உண்ணிகளும் வந்து, பூஞ்சை பக்கத்துப் பாறைகளுக்கும் பரவத் தொடங்கியிருந்தது. ரேஞ்சர்கள் உட்கார்ந்து துடைத்து எடுத்தார்கள் என்று பூங்கா நிர்வாகம் எழுதியிருந்தது. இயற்கையில் உணவே கிடைக்காத இடத்தில் ஒரு பை என்பது கல்யாண விருந்து.

நாம் ஒன்றுமே போடாவிட்டாலும் உதிர்கிறோம். உடைகளின் நூல் துகள், முடி, தோல் செதில் எல்லாம் பாதையோரம் படிந்து பஞ்சுபோல் சேர்கிறது. தன்னார்வலர்கள் அவ்வப்போது பெயின்ட் பிரஷ்ஷோடு வந்து அதைக் கூட்டி எடுக்கிறார்கள். குகைக்கு வீடு பெருக்குகிறார்கள். ஸ்வெட்டரை எடுத்துப் போகச் சொன்னேன், கம்பளி நூல் உதிராததாகப் பாருங்கள்.

விளக்கை அணைத்தபோது

'ராஜாவின் அரண்மனை' என்று ஒரு பகுதி, தரையிலிருந்து 830 அடி ஆழம். பொதுமக்கள் போகக்கூடிய ஆழமான இடம். ரேஞ்சரோடுதான் போக முடியும், ஒன்றரை மணி நேரம், தனிச் சீட்டு, முன்பதிவு வேண்டும். நான்கு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. எனவே ஒரு பெரியவர் மகனோடு வெளியே. இந்தப் பயணத்தில் இந்த விஷயத்தை முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள், கீழே போய் நின்று சண்டை போடாதீர்கள்.

நடுவில் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கை அணைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். மகளிடம் முன்பே சொல்லியிருந்தேன். மறைத்துக் கூட்டிப் போவது சரியில்லை என்று தோன்றியது. ஒரு மாதம் வீட்டில் பழகினோம், பாத்ரூமில் இரண்டு பேரும் உட்கார்ந்து விளக்கை அணைத்துவிட்டுப் பத்து எண்ணுவது, அப்புறம் இருபது. டார்ச் அவள் கையில், எப்போது வேண்டுமானாலும் அவளே போடலாம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் முப்பது வரை வந்திருந்தோம். ஆனால் குகையில் டார்ச் போடக் கூடாது. "வேண்டாம்னா திரும்பிடலாம்" என்றேன். அவள் ரொம்ப நேரம் யோசித்து, "நீ என் பக்கத்துல ஒட்டி உட்காரணும்" என்றாள்.

அணைத்தார்கள்.

வீட்டு இருட்டு இருட்டே இல்லை. கதவிடுக்கு, கீஸர் பொத்தான், தெருவிளக்கு என்று ஏதோ ஒன்று கசியும். கண் பழகப் பழக, இருபது முப்பது நிமிடத்தில் உருவம் தெரியத் தொடங்கும். ஆனால் பழகுவதற்குக் கொஞ்சமாவது ஒளி வேண்டும். அங்கே ஒன்றுமே இல்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்தாலும் எதுவும் தெரியாது.

அவள் என் காதில் கேட்டாள். "அம்மா, நான் கண்ணைத் தொறந்திருக்கேனா, மூடியிருக்கேனா?"

"தொட்டுப் பாரு."

கொஞ்ச நேரம் கழித்து, "தொறந்துதான் இருக்கேன். என் கை தெரியுது."

தெரிய வாய்ப்பே இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அதைச் சொல்ல மனசு வரவில்லை. என் கையை என் முகத்துக்கு முன்னால் ஆட்டிப் பார்த்தேன். எனக்கும் ஏதோ நிழல் அசைகிற மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து தேடினேன். குகைக்குப் போகிறவர்கள் பல காலமாகச் சொல்லிவரும் மாயை இது. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூயே டாடினும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இதை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒளியே புகாதபடி கண்களைக் கட்டி, முகத்துக்கு முன் கையை ஆட்டச் சொன்னார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் கையின் அசைவு தெரிகிறது என்றார்கள். வேறொருவர் அவர்கள் முன் கையை ஆட்டினால் தெரிவதில்லை. தன் கை எங்கே நகர்கிறது என்று மூளைக்குத் தெரியும், அந்தச் செய்தியை அது பார்வையாக மாற்றிக் காட்டுகிறது. சும்மா சொல்கிறார்களா என்று பார்க்க இருட்டில் கண்ணின் அசைவை அளந்திருக்கிறார்கள். நகரும் பொருளை நிஜமாகப் பார்க்கும்போதுதான் கண் விட்டுவிடாமல் வழுக்கிக்கொண்டு போகும், இல்லாவிட்டால் தாவித் தாவித்தான் போகும். கை தெரிகிறது என்றவர்களின் கண்கள் வழுக்கிக்கொண்டு போயின. மகள் பொய் சொல்லவில்லை.

விளக்கு வந்தபோது அவள் கன்னம் ஈரமாக இருந்தது. அழுதியா என்றேன். இல்லை என்றாள். நான் மேலே கேட்கவில்லை.

புகை மாதிரி

சாயங்காலம் வாசலுக்கு எதிரே கல் படிக்கட்டு அரங்கில் உட்கார்ந்தோம். மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை சூரியன் மறையும் நேரத்தில் வௌவால்கள் வெளியே வரும். போன், கேமரா எதுவும் கூடாது, ஒளியும் ஒலியும் அவற்றைத் தொந்தரவு செய்யும். எல்லோரும் போனை உள்ளே வைத்துவிட்டு மொட்டையாக உட்கார்ந்திருப்பதே ஒரு காட்சி.

1898-ல் ஜிம் ஒயிட் என்ற பதினாறு வயது மாடு மேய்க்கும் பையன், தூரத்தில் மலையிலிருந்து புகை வருவதாக நினைத்துப் போய்ப் பார்த்தான் என்பது அவர் பின்னாளில் சொன்ன கதை. அது வௌவால் கூட்டம். பிறகு வயல்களுக்கு உரமாக வௌவால் எச்சத்தை வெட்டி எடுத்தார்கள். ஜிம் அந்த வேலைக்குப் போனார், வேலை முடிந்ததும் தனியாக உள்ளே சுற்றினார். முதல் சுற்றுலாப் பயணிகள் அவரோடு இறங்கியது அந்த எச்சம் தூக்கும் வாளியில்தான், 170 அடி, ஒரு தடவைக்கு இரண்டு பேர். அதைக் கேட்டதும் மகனுக்கு லிஃப்ட் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

இவை பிரேசிலிய வால்நீள் வௌவால்கள். இங்கே கோடையில் இருந்துவிட்டுக் குளிருக்கு மெக்சிகோ போய்விடும். தாய்மார்கள் ஜூன் வாக்கில் ஆளுக்கு ஒரு குட்டி போடுகின்றன. குட்டிகளை எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கமாகத் தொங்கவிட்டு இரவில் இரை தேடப் போகின்றன. திரும்பி வந்து அத்தனை குட்டிகளில் தன் குட்டியைக் குரலையும் வாசனையையும் வைத்தே கண்டுபிடிக்கின்றன. உள்ளே முழு இருட்டு. குட்டிகள் நான்கைந்து வாரத்தில் பறக்கும், அதனால்தான் ஜூலை, ஆகஸ்ட்டில் கூட்டம் அதிகம்.

இதே வௌவால்களை வைத்து இரண்டாம் உலகப் போரில் தீக்குண்டு கட்டிவிடப் பார்த்தார்கள். 1943-ல் சோதனையின்போது அவை தப்பிப் பறந்து போய் கார்ல்ஸ்பாட் விமானத் தளத்தின் கட்டடங்களையே கொளுத்திவிட்டன. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வௌவாலின் பக்கம்தான் சேர்ந்திருப்பார்கள்.

முதலில் ஒன்று, அப்புறம் பத்து. பிறகு எண்ண முடியவில்லை. வாசலுக்குள்ளேயே இடஞ்சுழியாகச் சுற்றிச் சுற்றி மேலேறி, ஒரு கயிறு திரிப்பது போலத் தென்கிழக்கே போய்க்கொண்டே இருந்தன. இறக்கைச் சத்தம் லேசான மழை மாதிரி கேட்டது. மகன் அப்பா மடியில் தூங்கிப்போனான். அவ்வளவு தூரம் கூட்டி வந்து, வௌவாலைப் பார்க்காமலே தூங்கினான்.

இருட்டிவிட்டது. மகள் இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுங்க அம்மாவெல்லாம் இப்ப வெளிய போகுதா?"

"ஆமா."

"குட்டிங்க தனியா இருக்குமா, உள்ள?"

"பெருசான குட்டிங்க கூடவே பறந்து வரும். ரொம்பச் சின்னது இருந்தா உள்ளதான்."

கார் நிறுத்துமிடம் வரை பேசவே இல்லை. அன்று இரவு ஓட்டலில் பாத்ரூம் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் படுத்தாள். கதவை எவ்வளவு திறந்து வைக்கணும் என்று கேட்டேன். எழுந்து போய் அவளே ஒரு விரற்கடை அளவு விட்டு மூடினாள்.